உங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குவது எப்படி

நிறையப் பேர் என்னிடம் முதலில் கேட்பது "எவ்வளவு செலவாகும்?" என்றுதான். ஒரு பெரிய பாய், முப்பது மெல்லிய புத்தகங்கள், ஒரு கட்டு வெள்ளைத் தாள், நாலைந்து கறுப்புப் பேனா, வாரத்தில் ஒன்றரை மணி நேரம், இவ்வளவு கையில் இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம். ஆசிரியராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான் தையல் வேலை பார்க்கிறவள். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருஷமாக இதை நடத்துகிறேன், அதில் பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கதை முடிந்ததும் கேள்வி கேட்கக் கூடாது. "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?", "அந்த முயல் பேர் என்ன?", "நீதி என்ன?", எதுவும் வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் வினா விடை இருக்கிறது, வீட்டுக்கு வந்தால் அம்மா அதையே மறுபடி கேட்கிறார், இங்கேயும் அதே கேள்வி வந்தால் புத்தகத்தைத் திறந்தாலே பின்னால் ஒரு பரீட்சை உட்கார்ந்திருக்கிறது என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். முதல் ஆறு மாதம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பதினாலு பேர் வந்த இடத்தில் அஞ்சு பேர் ஆனார்கள். கேள்வியை நிறுத்திய பிறகுதான் பிள்ளைகளே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள்.

இடமும் நேரமும்

திண்ணை, மாடி, கோயில் மண்டபம், வேப்பமரத்தடி, எது என்றாலும் சரி. வெளிச்சம், குடிதண்ணீர், பக்கத்தில் ஒரு கழிப்பறை, இந்த மூன்றும் இருக்க வேண்டும். வெயில் தாழ்ந்து நாலரை மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்துவிடுங்கள், இருட்டுவதற்குள் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்துவிடும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் வட்டம் நிற்காது, பெற்றோருக்கும் நம்பிக்கை இருக்கும். வீடு வீடாகப் போய் அம்மா அப்பாவிடம் நேரில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பிள்ளைகளின் போட்டோவை அவர்களைக் கேட்காமல் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

முதல் மாதம் எட்டிலிருந்து பத்துப் பேர் போதும். வயது கலந்து இருக்கட்டும், அஞ்சு வயதும் பன்னிரண்டு வயதும் ஒரே பாயில் உட்காருவது எவ்வளவு உதவும் என்று பின்னால் சொல்கிறேன். அப்புறம், "மிஸ்" என்று கூப்பிட விடாதீர்கள். எங்கள் மாடியில் நான் அத்தை, கல்லூரியில் படிக்கிற எதிர்வீட்டுப் பெண் அக்கா. மிஸ் என்று அழைத்தால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது, உட்காரும் விதமே மாறிவிடுகிறது.

புத்தகம் எங்கே கிடைக்கும்

முதலில் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போங்கள். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று ஏதாவது ஒன்று பக்கத்தில் இருக்கும். சொத்து வரியோடு சேர்த்து அதில் 10 சதவீதம் நூலக வரியாக நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், 1948-ல் வந்த சட்டம் அது, அதனால் தயங்காமல் உள்ளே போகலாம். நூலகரிடம் விஷயத்தைச் சொல்லி, உங்கள் பெயரிலும் வீட்டில் இருக்கிறவர்கள் பெயரிலும் உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டால் ஒரே நேரத்தில் பல புத்தகங்கள் எடுக்கலாம். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனிக்கிழமை போய் எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் குழந்தைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

இரண்டாவது, இணையத்தில் ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் நடத்துவது, தமிழிலும் ஏராளமான படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, இறக்கி அச்செடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு நிலைகளை மட்டும் எடுங்கள். செல்போனில் காட்டாமல் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அச்செடுத்து ஸ்டேப்ளர் அடித்துக் கையில் கொடுங்கள். கறுப்பு வெள்ளையில் வந்தால் பிள்ளைகளே வண்ணம் தீட்டிக்கொள்வார்கள், அது தன் புத்தகம் ஆகிவிடும்.

வட்டத்துக்கு வருகிறவர்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வகுப்பில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்கள் அங்கே இருக்கும். அவற்றை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயர்களே எனக்கு ரொம்பப் பிடிக்கும். 4, 5-ம் வகுப்புக்கு ஊஞ்சல், 6 முதல் 9 வரை தேன்சிட்டு என்று பள்ளிக் கல்வித் துறையின் இதழ்களும் உண்டு. காசு கொடுத்து வாங்குவதென்றால் புத்தகக் கண்காட்சி வரும்வரை காத்திருங்கள், 10 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்ட் கடையில் சிறுவர் வரிசையை முதலில் பாருங்கள். தடித்த, அட்டை மினுமினுக்கிற ஒரே புத்தகத்துக்குப் பதிலாக அதே காசில் பத்து மெல்லிய புத்தகம் வாங்குவது நல்லது. ஒரே உட்காரலில் முடித்துவிட்டு "அத்தை, நான் ஒண்ணு முடிச்சுட்டேன்" என்று சொல்ல வேண்டுமே.

படித்துக் காட்டுவது

ஒவ்வொரு வாரமும் முதல் இருபது நிமிஷம் நீங்கள் படித்துக் காட்டுங்கள். புத்தகத்தை முந்தைய நாளே இரண்டு தடவை சத்தமாகப் படித்துவிட்டு வாருங்கள், எங்கே மூச்சு விடுவது, எங்கே குரலைத் தாழ்த்துவது என்று தெரிந்துவிடும். புத்தகத்தை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் பக்கம் படம் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் பார்த்துப் படிக்க வேண்டும், கழுத்து கொஞ்சம் வலிக்கும், பழகிவிடும். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ஒரு நொடி நிறுத்துங்கள். அந்த ஒரு நொடியில் யாராவது "கிணத்துல விழப்போவுது!" என்று கத்துவார்கள். கத்தட்டும். தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியாக மாறிவிட வேண்டாம், கதையின் ஓட்டத்திலேயே பாதி புரிந்துவிடும், புரியாதது அவர்களே கேட்பார்கள். பழைய கதையையே மறுபடி கேட்டால் மறுபடி படியுங்கள். எங்கள் மாடியில் ஒரு யானைக் கதையைப் பதினேழு வாரம் படித்திருக்கிறேன், கடைசியில் எழுத்தே தெரியாத குட்டிப் பெண் பக்கத்தைத் திருப்பித் திருப்பி முழுக் கதையையும் ஒப்பித்தாள். அதுவும் வாசிப்பின் தொடக்கம்தான்.

வாசிக்கவே தெரியாத பிள்ளை வந்தால்

கட்டாயம் வரும். ஆங்கில வழியில் படித்துத் தமிழ் எழுத்து பிடிபடாத பிள்ளை, ஆறாம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளை, இரண்டு வகையும் வரும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. வீட்டில் "வந்துச்சு" என்கிறார்கள், புத்தகம் "வந்தது" என்கிறது. "ஒக்காந்தாங்க" என்பது அங்கே "உட்கார்ந்தார்கள்" ஆகிவிடுகிறது. பிள்ளை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி முடித்த பிறகும் அந்தச் சொல் அது வாயால் சொல்லிப் பழகிய சொல்லாக இருப்பதில்லை. அதனால் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து "நேத்து உங்க வீட்ல என்ன நடந்துச்சு, சொல்லு" என்பேன். ஒரு பையன் சொன்னான்: "எங்க ஆடு குட்டி போட்டுச்சு. ரெண்டு குட்டி. ஒண்ணு நிக்கவே மாட்டேங்குது." அவன் சொன்னதை அப்படியே, ஓர் எழுத்தும் திருத்தாமல், பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதினேன். எழுதும்போதே ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். பிறகு விரலை வைத்து இருவரும் சேர்ந்து படித்தோம், அப்புறம் அவன் தனியாகப் படித்தான். தான் சொன்னதுதானே, அடுத்து என்ன சொல் வரும் என்று அவனுக்குத் தெரியும். தாளை வரி வரியாக, பிறகு சொல் சொல்லாகக் கத்தரித்துக் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கச் சொன்னேன். "குட்டி" என்ற சொல்லை அவன் எங்கே பார்த்தாலும் இப்போது கண்டுபிடித்துவிடுவான். வாரத்துக்கு ஒன்று என்று இப்படிப் பத்துத் தாள் சேர்ந்ததும் அதைத் தைத்து, அவன் பெயரை அட்டையில் எழுதி, மற்ற புத்தகங்களோடு வைத்துவிட்டேன். பேச்சு வழக்கில் எழுதினால் தமிழ் கெட்டுப்போகுமே என்று கவலைப்பட வேண்டாம். வாராவாரம் நீங்கள் படித்துக் காட்டுகிற கதைகளிலிருந்து எழுத்து நடை தானாகக் காதில் ஏறும், சில மாதங்களில் "போட்டது" என்று அவர்களே எழுத ஆரம்பிப்பார்கள்.

எழுத்து விஷயத்தில் ஒரே ஒரு குறிப்பு. 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டபின் மிச்சமெல்லாம் குறிகள்தான். பெரும்பாலும் தடுக்குகிற இடம் கொம்பு. கெ, கே, கை எல்லாவற்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஆனால் அதன் ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறி. "கொக்கு" என்பதை "கெ..." என்று தொடங்கிவிட்டு நிற்கிற பிள்ளையிடம், கொம்பைப் பார்த்தால் உடனே வாயைத் திறக்காதே, எழுத்துக்கு அந்தப் பக்கம் துணைக்கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல் என்று சொல்லிக்கொடுங்கள். இன்னொன்று உகர வரிசை, கு, சு, மு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளைகிறது, அது பார்த்துப் பார்த்துத்தான் வரும், அவசரப்படுத்த வேண்டாம். ழகரத்துக்கு "வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழம் வழுக்கி விழுந்தான்" என்று நா பிறழ்ச்சிப் போட்டி வையுங்கள், மாடியே அதிரும்.

பெரிய வகுப்பில் இருந்துகொண்டு வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் ரொம்பக் கூச்சப்படும். அதன் கையில் குட்டிப் படப் புத்தகத்தைக் கொடுத்தால் மற்றவர்கள் முன்னால் அவமானமாக இருக்கும். இங்கேதான் வயது கலந்து உட்காரவைப்பது உதவுகிறது. "அடுத்த வாரம் இந்தக் கதையைச் சின்னவங்களுக்கு நீ படிச்சுக் காட்டறியா?" என்று கேட்டு, புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். இப்போது அந்த எளிய புத்தகத்தை அது பயிற்சி செய்வதற்கு மரியாதையான ஒரு காரணம் இருக்கிறது. அந்த வாரம் முழுக்க வீட்டில் ஏழெட்டுத் தடவை படித்துவிட்டுத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை நாலு குட்டிகள் சுற்றி உட்கார்ந்து வாயைப் பிளந்து கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

எழுத வைப்பது

"ஒரு கதை எழுது" என்று சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். விடுகதையில் தொடங்குங்கள். முதலில் பழையதை நாலு போடுங்கள்: கையளவு உடம்புக்காரன், காவலுக்குக் கெட்டிக்காரன், அவன் யார்? பூட்டு. ஒற்றைக் காலில் ஆடுவான், ஓய்ந்துபோனால் படுப்பான்? பம்பரம். பிறகு வீட்டில் இருக்கிற ஒரு சாமானை மனசில் நினைத்துக்கொள்ளச் சொல்லி, அது என்ன செய்யும், அதனிடம் என்ன இல்லை, இந்த இரண்டை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பெண் எழுதியது: "வாய் கிடையாது, விசில் அடிப்பான். சோறு வச்சாத்தான் அடிப்பான்." குக்கர். இரண்டே வரி, முழுக்க அவளுடையது.

அடுத்தபடி எட்டுப் பக்கப் புத்தகம். ஒரே ஒரு ஏ4 தாள், கத்தரிக்கோல், பசைகூட வேண்டாம். நீண்ட ஓரங்கள் இரண்டும் சேரும்படி மடித்து விரியுங்கள். பிறகு குட்டை ஓரங்கள் சேரும்படி ஒரு மடிப்பு, அதே திசையில் இன்னொரு மடிப்பு, முழுவதும் விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது மறுபடி குட்டை ஓரங்கள் சேரும்படி ஒரே மடிப்பு மடித்து, மடிந்த பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் மேல் அடுத்த குறுக்குக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். நீண்ட ஓரங்கள் சேர மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறந்து நாலு இதழாக நிற்கும், அதைச் சுற்றி மடித்தால் அட்டையோடு சேர்த்து எட்டுப் பக்கம். முதல் தடவை பாதிப் பேருக்குத் தப்பாகத்தான் வரும், கூடுதலாகத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆறு பக்கம்தான் இருக்கிறது, பக்கத்துக்கு ஒரு படமும் ஒரு வரியும் என்றால் ஆறே வரியில் கதை முடிந்துவிடும். எழுதப் பயப்படுகிற பிள்ளைக்கு இந்தச் சின்ன அளவே தைரியம் கொடுக்கிறது. அட்டையில் எழுதியவர் பெயர், பின்னட்டையில் விலை, எல்லாம் அவர்களே போட்டுக்கொள்வார்கள். எங்கள் மாடியில் ஒரு கதையின் விலை மூன்று கோலிக்குண்டு.

சிவப்புப் பேனாவைத் தூரப் போடுங்கள். எழுத்துப்பிழை இருக்கும், ர ற மாறும், சந்தி இருக்காது. எழுதின கையோடு திருத்தினால் அடுத்த வாரம் தனக்குத் தெரிந்த சொற்களை மட்டுமே அந்தப் பிள்ளை எழுதும், "பிரம்மாண்டம்" என்று எழுத நினைத்ததைப் "பெரிசு" என்று மாற்றிக்கொள்ளும். திருத்துவதற்கு வேறு ஒரு நேரம் இருக்கிறது. மற்றவர்கள் படிப்பதற்காக வெளியே போகப்போகிறது என்னும்போது பிள்ளையே வந்து "இதுக்கு எந்த ன?" என்று கேட்கும். அப்போது சொல்லிக்கொடுங்கள்.

கையெழுத்துப் பத்திரிகை

அந்த வெளியே போகிற வேலைதான் இது. மூன்றாவது மாதம் தொடங்கலாம், அதற்கு முன் வேண்டாம். பெயரைப் பிள்ளைகள் வைக்கட்டும், பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் மடித்தால் எட்டுப் பக்கம். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் 8-ம் 1-ம், மறுபக்கத்தில் 2-ம் 7-ம். உள்தாளில் 6-ம் 3-ம், மறுபக்கம் 4-ம் 5-ம் வரும். எழுதுவதற்கு முன்பே வெறும் தாளை மடித்துப் பக்க எண் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் கதையின் முடிவு முதல் பக்கத்தில் வந்து நிற்கும். பென்சில் ஜெராக்ஸில் மங்கிவிடும், கறுப்புப் பேனாதான் சரி. ஓரங்களில் ஒரு விரலகலம் இடம் விடுங்கள்.

உள்ளே என்ன போடுவது? விடுகதை, தெருச் செய்தி, படம், பாட்டி சொன்ன கைமருந்து, எல்லாம் வரும். ஆனால் ஒவ்வோர் இதழிலும் ஒரு பேட்டி கண்டிப்பாக இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் பூ கட்டுகிற பாட்டியைப் பேட்டி எடுத்தார்கள். அஞ்சு கேள்வி எழுதிக்கொண்டு போனார்கள், இருபது கேள்வியோடு திரும்பி வந்தார்கள். முழம் என்றால் என்ன என்று பாட்டி கையை நீட்டிக் காட்ட, ஒவ்வொருவர் முழமும் ஒவ்வொரு நீளம் என்று பிள்ளைகளுக்குப் புரிந்து, அன்று சாயங்காலமே ஸ்கேலை எடுத்துக்கொண்டு தெருவில் இருக்கிற அத்தனை பேர் முழங்கையையும் அளந்து ஓர் அட்டவணை போட்டார்கள். நான் சொல்லிச் செய்ததே இல்லை. டீக்கடை, சைக்கிள் பஞ்சர் கடை, தபால்காரர், ரேஷன் கடை வரிசை என்று உங்கள் தெருவிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பேட்டி கொடுத்தவருக்கு ஒரு பிரதியைப் பிள்ளைகளே கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும்.

நடுவில் வருகிற தொல்லைகள்

"இதனால மார்க் வருமா?" என்று கேட்பார்கள். வாதாட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவையே மாடிக்கு அழைத்துப் பிள்ளை படிப்பதைக் கேட்கச் சொல்லுங்கள். பரீட்சை நேரத்தில் கூட்டம் குறையும், மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள், நாள் மட்டும் மாறக் கூடாது.

புத்தகம் கிழியும், காணாமலும் போகும். ஒரு நோட்டில் பெயர், புத்தகம், தேதி எழுதும் வேலையைப் பிள்ளைகளில் ஒருவரிடம் மாதத்துக்கு ஒருவராகக் கொடுத்துவிடுங்கள். ஒரு சமயம் நான் தொலைந்த புத்தகத்துக்கு அஞ்சு ரூபாய் அபராதம் என்று சொல்லிவிட்டேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அதற்கப்புறம் வரவே இல்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் தம்பி புத்தகத்தைத் தண்ணீரில் போட்டிருக்கிறான், வீட்டில் கேட்க அவளுக்குப் பயம். அன்றோடு அபராதத்தை எடுத்துவிட்டேன், அவளைத் திரும்ப அழைத்துவர நாலு தடவை அவள் வீட்டுக்கு நடந்தேன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் முதல் விதியே புத்தகம் பயன்படுத்துவதற்கு என்பதுதான். கிழிந்ததை மைதாப் பசையும் மெல்லிய தாளும் வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒட்டுங்கள். செலோடேப் வேண்டாம், கொஞ்ச நாளில் மஞ்சளாகிப் பிசுபிசுக்கும்.

இடமே இல்லை என்றால் புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு நீங்களே போங்கள். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள், நமக்கு ஒரு சைக்கிள் கேரியர் போதாதா.

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: நாலரைக்குப் பாய் விரித்துப் புத்தகங்களை அடுக்காமல் அட்டை தெரியப் பரப்புங்கள். வந்தவர்கள் புரட்டிக்கொண்டிருக்கட்டும். நாலே முக்காலுக்கு ஒரு கதை படியுங்கள். பிறகு அரை மணி நேரம் விருப்பப்பட்டதைப் பார்க்கட்டும், படிக்கட்டும், படம் மட்டும் பார்த்தாலும் சரி. அப்புறம் விடுகதை. ஆறு மணிக்கு ஆளுக்கு ஒரு புத்தகம், நோட்டில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு.